வெற்றிலைப் பெட்டியில் வெப்பக் கட்டுப்பாடு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது வெறும் விபத்து. அந்த நெருப்பை எத்தனை டிகிரியில் நெஞ்சுக்குள் இழுப்பது என்று கண்டுபிடித்ததுதான் நாகரிகம். முதல் சம்பவம் எங்கே நடந்தது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டாவது நடந்த இடத்தை நான் காட்ட முடியும். மலேசியாவின் சிரம்பானில், கார் கழுவும் நிலையத்துக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே, மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கியிருக்கும் 'அவான் பெரில்மு' கடை. மலாய் மொழியில் 'கற்றறிந்த மேகம்' என்று அர்த்தம்.

விவரமில்லாதவர்கள் அதை வேப் கடை, அதாவது மின்சிகரெட் கடை என்பார்கள். வேப் கடையில் வேப் விற்பார்கள். எங்கள் கடையில் விற்பனை ஓர் இடையூறு. யாராவது வாங்க வந்தால் விவாதம் அறுந்துபோகும். எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அவர் போகும்வரை காத்திருப்போம். உண்மையில் அது ஓர் உயர்கல்விக்கூடம். மின்விசிறி இல்லாத உயர்கல்விக்கூடம். விசிறி மேகத்தைக் கலைத்துவிடும் என்பதால் தலைவர் அதைக் கழற்றி விற்றுவிட்டார்.

தலைவர் என்றால் ஹஸ்ருல். கடையின் உரிமையாளர், 'மேக வல்லுநர் மன்ற'த்தின் நிறுவனர், பள்ளிக்கூடத்தில் இயற்பியலை இரண்டு முறை சந்தித்து இரண்டு முறையும் தோற்றவர். நான் மன்றச் செயலாளர். கல்லூரியில் மக்கள் தொடர்பு படிக்கிறேன். ஆகவே எனக்கு எழுதத் தெரியும் என்ற வதந்தியின் பேரில் நியமிக்கப்பட்டேன்.

மன்றத்தின் பணியைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் அறிவியல் தேவை. பயப்பட வேண்டாம், எங்களுக்கே புரிந்த அறிவியல்தான்.

ஒரு மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றுகிறோம். சுருளுக்குள் பஞ்சைத் திணிக்கிறோம். பஞ்சில் இனிப்பான திரவத்தை ஊற்றுகிறோம். பேட்டரியோடு இணைத்தால் கம்பி சூடாகிறது, திரவம் ஆவியாகிறது, ஆவியை இழுக்கிறோம். இவ்வளவுதானா என்று பாமரன் கேட்பான். இங்கேதான் 'எதிர்ப்பு' வருகிறது.

அரசு அலுவலகக் கவுண்டரில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வரிசையில் நிற்கிறது. குமாஸ்தா ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்ப்பவர் என்றால் எதிர்ப்பு அதிகம், வரிசை ஊர்கிறது, கம்பி சோம்பலாகச் சூடாகிறது. பார்க்காமலே முத்திரை குத்துபவர் என்றால் எதிர்ப்பு குறைவு, கூட்டம் திமுதிமுவென்று உள்ளே பாய்கிறது, கம்பி சிவந்துவிடுகிறது. இந்தக் குமாஸ்தாவின் கண்டிப்பை ஓமில் அளக்கிறோம். (நான் வீட்டில் ஓம், ஓம் என்று பேசித் திரிந்ததைக் கேட்டு, பிள்ளை கோயில் பக்கம் திரும்பிவிட்டான் என்று என் அம்மா ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாள்.) எங்கள் மன்றத்தில் ஒருவருடைய ஓம் இறங்க இறங்க மரியாதை ஏறும். ஒரு முழு ஓம் வைத்திருப்பவர் செருப்பு விடும் இடத்தில் உட்கார வேண்டும். பூஜ்யம் புள்ளி ஒன்று ஐந்து வைத்திருக்கும் ஹஸ்ருலுக்குச் சாய்வு நாற்காலி.

அடுத்தது வாட். கம்பிக்குள் எவ்வளவு வேகத்தில் சக்தியைத் தள்ளுகிறோம் என்பது. இதை ஆண்கள் தங்கள் சம்பளத்தைச் சொல்வதுபோலக் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, கோபுரத்தின் உச்சியில், 'வெப்பக் கட்டுப்பாடு'. ஸ்டெயின்லெஸ் கம்பி சூடேறினால் அதன் எதிர்ப்பும் கொஞ்சம் ஏறும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை வைத்தே கருவி வெப்பத்தைக் கணக்குப் போட்டு, நீங்கள் வைத்த எல்லை வந்ததும் மின்சாரத்தைக் குறைத்துவிடும். பஞ்சு கருகாது. கவனியுங்கள், கருவிக்குள் வெப்பமானி எதுவும் கிடையாது. நோயாளியைத் தொட்டே பார்க்காமல், 'நன்றாக இருந்தபோது எப்படி முனகினார், இப்போது எப்படி முனகுகிறார்' என்று ஒப்பிட்டுக் காய்ச்சலைச் சொல்லும் வைத்தியர் அது. ஆகவே, கம்பி ஆறியிருக்கும்போதே 'இதுதான் சாதாரணம்' என்று அதற்குச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். சுருள் இருக்கும் தலைப்பாகத்தைக் கழற்றி மாட்டினால் திரையில் 'புதுச் சுருளா?' என்று பணிவாகக் கேட்கும். 'ஆம்' என்று அழுத்தினால், அந்த நொடியில் கம்பி எந்த நிலையில் இருக்கிறதோ அதையே சாதாரணம் என்று மனத்தில் பதித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அதன் நம்பிக்கையை அசைக்க எவராலும் முடியாது. இந்த உறுதி மனிதர்களில் மிகச் சிலரிடமே உண்டு. அவர்கள் பெரும்பாலும் பதவியில் இருக்கிறார்கள்.

இந்த மாபெரும் அறிவியலுக்கு ஒரு சோதனை வந்தது. அதன் பெயர் சுஹைலா.

சுஹைலா சில்லி சாஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஹஸ்ருலும் அவளும் இரண்டு வருடமாகப் பழகுகிறார்கள். வீட்டில் கேட்டபோது, பையன் 'மின்சாரத் துறையில்' இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அப்பா ஹாஜி மாரோப்புக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டதாம். காரணம், அவர் ஓய்வு பெற்ற வயரிங் ஆய்வாளர். வீடு வீடாகப் போய் மின் இணைப்பைச் சோதித்து, ஒப்புதலை மறுப்பதையே தொழிலாகவும் பொழுதுபோக்காகவும் வைத்திருந்தவர். கோலப் பிலா வட்டாரத்தில் அவர் மறுத்த வீடுகளில் பிறந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்து, பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

"அவரு சொல்லிட்டாராம்டா," என்றார் ஹஸ்ருல், சாய்வு நாற்காலியில் சரிந்து. "பொண்ணு கேக்க வரும்போது தொழில் கருவியோட வரணுமாம். உக்காந்து செஞ்சு காட்டணுமாம். பிடிச்சாத்தான் மேற்கொண்டு பேச்சாம்."

"பிடிக்கலைன்னா?"

"சுஹைலாவுக்கு அத்தை பையன் ஒருத்தன் இருக்கான். ஏர்கான் ரிப்பேர் பண்றவன்."

கடையில் துக்கம் கவிந்தது. ஏர்கான் ரிப்பேர்! எர்த், நியூட்ரல், ஃப்யூஸ் எல்லாம் உள்ள ஒரு முழுமையான தொழில்.

உடனே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. எதிர்ப்புத் துணைக்குழு, வாட் துணைக்குழு, வெப்பத் துணைக்குழு என்று மூன்று துணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. மூன்றுக்கும் ஹஸ்ருலே தலைவர். அவர் தனக்கே அறிக்கை சமர்ப்பித்து, திருப்தியில்லை என்று தனக்கே திருப்பி அனுப்பினார். மன்றத்தில் அப்படி ஒரு கண்டிப்பை அதற்கு முன் நாங்கள் கண்டதில்லை.

அடுத்து, மன்றத்தின் 'சுவை விஞ்ஞானி' இர்வான் எழுந்தான். இர்வான்தான் திரவம் காய்ச்சுபவன். பக்கத்துக் கார் கழுவும் நிலையத்தின் பின்னறையில் டின்களைத் திறந்து கலக்கி, புட்டியில் அடைத்துக் கொடுப்பான். அவனுடைய 'மாம்பழப் பனி'க்கு மூவார் பட்டணம் வரைக்கும் பெயர்.

"பாங், வெத்தலைப் பெட்டி கொண்டு போவோம்ல?" என்றான். 'பாங்' என்றால் அண்ணன்.

பெண் கேட்கப் போகும்போது பித்தளை வெற்றிலைப் பெட்டி முன்னால் போக வேண்டும். அதில் அறை அறையாக வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, காசுக்கட்டி எல்லாம் இருக்கும். அதைத் திறந்து பெண் வீட்டார் முன் தள்ளினால், அவர்கள் ஒரு வாய் எடுத்து மென்ற பிறகுதான் பேச்சே தொடங்கும். எடுக்காவிட்டால் வந்தவர்களை அவமதித்த கணக்கு.

"கொண்டு போவோம். பெரியப்பா பளபளன்னு தேய்ச்சு வெச்சிருக்காரு."

"இந்தக் காலத்துல யாரு பாங் வெத்தலை மெல்லுறா? பல்லு போயிரும். உள்ளே நம்ம சாமானை வைங்க. வெத்தலை இடத்துல பஞ்சு. பாக்கு இடத்துல காயில் சுருள். சுண்ணாம்பு இடத்துல என்னோட மாம்பழப் பனி. பாக்குவெட்டிக்குப் பதிலா கட்டிங் பிளேயர். அவரு எடுத்துத்தான் ஆகணும். எடுத்தா இழுத்துத்தான் ஆகணும். இழுத்தாருன்னா கவுந்துட்டாருன்னு அர்த்தம்!"

வரலாற்றில் பெரிய திருப்பங்கள் இப்படித்தான் நிகழ்கின்றன. யாரோ ஒருவன் எழுந்து பேசுகிறான். அவனை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஹஸ்ருலின் பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்ற துணைத் தீர்மானமும்.

பெரியப்பாவை ஊரே 'பாக் லோங்' என்று அழைக்கும். பெண் கேட்கும் சபைகளில் மாப்பிள்ளை வீட்டுக்காகப் பாட்டாகவே பேசுவதில் அவர் சூரர். 'உங்கள் பெண்ணைக் கொடுங்கள்' என்று நேராகக் கேட்டால் அநாகரிகம். பூ, படகு, பறவை என்று சுற்றிவளைத்து நாலு வரியில் கேட்க வேண்டும். பதிலும் நாலு வரியில் வரும். இப்படிப் பாடிப் பாடியே அவர் முடித்து வைத்த கல்யாணங்கள் ஏராளம். அவற்றில் சில இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன.

சனிக்கிழமை காலை, மூன்று கார்களில் கோலப் பிலா போய் இறங்கினோம். கூடம் முழுக்கப் பாய் விரித்திருந்தார்கள். நடுவில் ஹாஜி மாரோப், இஸ்திரி போட்ட மலாய் பாஜு உடையில், சட்டைப் பையில் ஒரு டெஸ்டர் செருகி. பெண்கள் உள்ளே திரைக்குப் பின்னால். நான் பழத் தட்டைச் சுமந்தேன், இர்வான் கேக்கைச் சுமந்தான், ஹஸ்ருல் தன் எதிர்காலத்தைச் சுமந்தார்.

பாக் லோங் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்:

"ஆத்தங்கரையில படகு வந்து நிக்குது,
அலை தட்டித் தட்டி அதுவும் ஆடுது;
உங்க தோட்டத்துல மல்லி ஒண்ணு பூக்குது,
எங்க வீட்டுத் தொட்டி காலியாக் கிடக்குது."

கூட்டம் "ஆகா" என்றது. ஹாஜி கண்ணை மூடி யோசித்து, பதில் சொன்னார்:

"மழை பேஞ்சா மீனு கரைக்கு ஏறும்,
வெயில் அடிச்சா சேறு பாளம் ஆகும்;
தொட்டி காலின்னு சொன்னா மட்டும் போதுமா?
தொட்டிக்காரன் வருமானம் எதுல தேறும்?"

இதற்கு "ஆகா" இன்னும் பலமாக வந்தது. பாக் லோங் தயங்கவில்லை. அதற்காகத்தானே வெற்றிலைப் பெட்டி! இரண்டு கையாலும் அதை ஹாஜியின் முன் நகர்த்தி, கம்பீரமாக மூடியைத் திறந்தார்.

வெற்றிலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று ஜப்பான் பஞ்சு. பாக்கு இருக்க வேண்டிய இடத்தில் சுருள்கள். நடுவில், பட்டு விரித்து, இரண்டு பேட்டரி பூட்டிய கறுப்புக் கருவி.

பாக் லோங்கின் முகத்தில் ஒரு கண நேரம் எல்லாக் கல்யாணங்களும் ஓடி மறைந்தன. ஆனால் அவர் மேடைக்காரர். "காலத்துக்கேத்த வெத்தலை, ஹாஜி," என்று தலை குனிந்தார். குனிந்த தலையை ஹஸ்ருல் பக்கம் திருப்பிப் பல்லிடுக்கில், "வீட்டுக்கு வாடா, உன்னை உரிச்சு இதே பெட்டியில வெக்கறேன்," என்றார்.

ஹாஜி பஞ்சை இரண்டு விரலால் தூக்கினார்.

"இது வெத்தலையா?"

"ஜப்பான் வெத்தலை, ஹாஜி," என்றார் ஹஸ்ருல்.

"இது பாக்கா?"

"ஸ்டெயின்லெஸ் பாக்கு. பூஜ்யம் புள்ளி ஒண்ணு அஞ்சு ஓம்."

ஓம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஹாஜியின் முதுகு நிமிர்ந்தது. ஓய்வு பெற்ற குதிரை ஒன்று பந்தய மைதானத்தின் மணியைக் கேட்டதுபோல இருந்தது. "யாரு அளந்தா?" என்றார்.

"கருவியே அளக்கும்."

"தன்னைத்தானே அளந்துக்குமா? ஊர்ல எல்லாருந்தான் தன்னைத்தானே அளந்துக்கறான்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஸாவியா! என் மீட்டரைக் கொண்டா!"

மீட்டர் வந்தது. அதற்குப் பிறகு அது பெண் கேட்கும் சபை இல்லை. முறையான ஆய்வு.

"எர்த் எங்கே?"

"எர்த் இல்லைங்க ஹாஜி."

"எர்த் இல்லாத சாமானை என் வீட்டுக்குள்ள கொண்டு வந்தியா?"

"பிடிச்சிருக்கற ஆளுதான் எர்த்து," என்றான் இர்வான் உதவிக்கு வந்து. அவனுடைய உதவிகள் எல்லாமே இந்த ரகம்தான்.

ஹஸ்ருல் பஞ்சைத் திணித்தார், மாம்பழப் பனியை ஊற்றினார், கருவியில் இருநூறு டிகிரி வைத்தார், விளக்கம் சொன்னார். குமாஸ்தா, வரிசை, முத்திரை எல்லாம் சொன்னார். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாகச் சொன்னார். ஹாஜி பொத்தானை அழுத்திப் பார்த்தார். சொய்யென்று ஆவி கிளம்பியது. உடனே தலைப்பாகத்தைக் கழற்றினார், தன் மீட்டரில் வைத்து அளந்தார், மீண்டும் மாட்டினார். திரை கேட்டது: 'புதுச் சுருளா?'

ஹாஜி 'ஆம்' என்று அழுத்தினார்.

கம்பி இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதைப்போய் 'சாதாரணம்' என்று கருவிக்குச் சொல்லியாயிற்று. ஹஸ்ருலின் காதில் குசுகுசுத்தேன்: "பாங், காயில் சூடா இருக்கு! 'இல்லை'ன்னுதான் அழுத்தணும், சொல்லுங்க!"

"மாமனாரை எப்படிடா திருத்தறது?"

"இன்னும் மாமனார் ஆகலையே!"

"திருத்தினா ஆகவே மாட்டாரு."

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெண் கேட்கப் போன சபையில், பெண்ணைப் பெற்றவர் பொத்தானைத் தப்பாக அழுத்தினால், அந்தப் பொத்தானைத்தான் மாற்ற வேண்டும். பெரியவரைத் திருத்துவது எங்கள் ஊரில் கேள்விப்படாத காரியம்.

ஹாஜி மறுபடி அழுத்திப் பார்த்தார், மறுபடி கழற்றினார், மறுபடி அளந்தார். ஒரே அளவை இரண்டு முறை எடுக்காத ஆய்வாளர் ஆய்வாளரே இல்லை என்று உரையாற்றினார். மறுபடி மாட்டினார். 'புதுச் சுருளா?' தன் பணிக்காலம் முழுவதும் ஒவ்வொரு இணைப்பையும் புதிய இணைப்பு என்று பதிவு செய்து பழகிய விரல், தயக்கமின்றி 'ஆம்' என்றது. ஒவ்வொரு 'ஆம்'க்கும் கருவியின் 'சாதாரணம்' ஒரு படி மேலே ஏறியது. கடைசியில் அந்தக் கருவிக்குத் தெரிந்த உலகில் அடுப்பில் கிடக்கும் தோசைக்கல்தான் அறையின் குளிர்ச்சி.

"சரி," என்றார் ஹாஜி. முகத்தில் ஒரு மலர்ச்சி. "சாமான் ஒழுங்காத்தான் இருக்கு. மரபுன்னா மரபு. வெத்தலையை எடுத்துக்கறேன்."

வாயில் வைத்தார். அழுத்தினார். சுருட்டுப் பிடித்துப் பழகிய மனிதர். நுனி நாக்கில் ருசி பார்க்கத் தெரியாது. அடிவயிறு வரைக்கும் இழுத்தார்.

அந்த நொடியில் கூடத்தில் எழுந்த வாசனையை மாம்பழம் என்று சொல்ல முடியாது. மாம்பழத் தோட்டம் ஒன்றுக்குத் தீவைத்து, அதைச் சாக்குத் துணியால் அணைத்ததுபோல இருந்தது. ஹாஜியின் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் பழுப்பு நிறத்தில் புகை வந்தது. காதிலிருந்தும் வந்ததாக இர்வான் பிற்பாடு சாட்சி சொன்னான். பிறகு இருமல் கிளம்பியது. தொப்பி ஒரு பக்கம், டெஸ்டர் ஒரு பக்கம். மனிதர் பாயில் நாலு காலில் நின்றார்.

நாங்கள் பதறிப்போய் ஒரே நேரத்தில் பாய்ந்தோம், கருவியை நோக்கி.

"எவ்வளவு காட்டுது?" என்றார் பாக் லோங்.

"இருநூறு," என்றார் ஹஸ்ருல்.

"வெச்சது?"

"இருநூறு."

"அப்ப ஒண்ணும் ஆகலை," என்றான் இர்வான் நிம்மதியாக.

எல்லோரும் மாறி மாறித் திரையைப் பார்த்தோம். இருநூறு. பாதுகாப்பான இருநூறு. இத்தனை தெளிவான எண்ணுக்கு முன்னால் ஒரு மனிதர் நாலு காலில் நின்று இருமுவது கொஞ்சம் மிகையாகவே பட்டது. பாக் லோங் சூழ்நிலையைச் சமாளிக்க, "மலையில மேகம் வந்து மோதுது," என்று ஒரு பாட்டு ஆரம்பித்தார். அடுத்த வரி அவருக்கே வரவில்லை.

ஹாஜி கையை உயர்த்தினார். கண்ணில் தாரை தாரையாக நீர். குரல் பாதாளத்திலிருந்து வந்தது.

"ரீடிங்... என்ன... காட்டுது?"

"இருநூறு, ஹாஜி."

"செட்டிங்?"

"இருநூறு."

ஹாஜி தொப்பியை நேராக வைத்துக்கொண்டார். சுவாசத்தைத் தேடிப் பிடித்தார். இந்த இடத்தில்தான் அந்த மனிதரின் மகத்துவத்தை நான் உணர்ந்தேன். தன் நெஞ்சு எரிகிறது என்ற சொந்த அனுபவத்தை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு, மீட்டருக்கு மரியாதை கொடுத்தார்.

"அப்ப சரி," என்றார். "சாமான் பாஸ். பையனும் பாஸ்."

ஹஸ்ருல் அழுதேவிட்டார். பாக் லோங் அவரைக் கட்டிப்பிடித்தார், உரிக்கும் திட்டத்தைத் தற்காலிகமாக ஒத்திவைத்து. நான் பழத் தட்டிலிருந்து ஒரு டூக்குப் பழம் எடுத்து உரித்தேன். வெற்றி! அறிவியலுக்கு வெற்றி!

அப்போது திரை விலகியது. ஹாஜியின் மனைவி ஸாவியா வந்தார். பின்னால் தண்ணீர்ச் சொம்போடு சுஹைலா. அவள் நேராக அப்பாவிடம் போய்த் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டாள். கருவியைப் பார்க்கவேயில்லை. இவ்வளவு அடிப்படையான ஒரு நடைமுறையை அவள் கடைப்பிடிக்காதது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

"யாரு பாஸ் போட்டது?" என்றார் ஸாவியா.

"நான்தான்," என்றார் ஹாஜி, பாதி மூச்சில்.

"இந்த வீடு யாரு பேர்ல இருக்கு?"

ஹாஜி தண்ணீரைப் பார்த்துக்கொண்டார். எங்கள் மாநிலத்தில் வீடும் நிலமும் பெண்வழி. ஆண் ஒப்புதல் கொடுக்கலாம். அது வாசலில் கட்டும் தோரணம் மாதிரி, பார்க்க நன்றாக இருக்கும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மூன்று துணைக்குழுக்களையும் ஹாஜிக்காகவே தயார் செய்திருந்தோம். அவருக்குத்தானே வோல்ட் தெரியும்!

"பொண்ணு பேசும்," என்றார் ஸாவியா. "பேசு சூ."

சுஹைலா பெட்டியிலிருந்து மாம்பழப் பனிப் புட்டியை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஹஸ், இதுல என்ன இருக்கு?"

"அது பூஜ்யம் புள்ளி ஒண்ணு அஞ்சு ஓம்ல, அறுபது வாட்ல..."

"அதை எப்படிச் சூடு பண்றேன்னு கேக்கலை. சூடு பண்ணி அப்பா நெஞ்சுக்குள்ள அனுப்பினியே, அது என்னன்னு கேட்டேன்."

"மாம்பழம்."

"மாம்பழத்துல?"

"பனி."

"பனியில?"

ஹஸ்ருல் துணைக்குழுக்களைப் பார்த்தார். துணைக்குழுக்கள் எல்லாம் அவரே என்பதால் வேறு யாரும் கிடைக்கவில்லை. "எழுபதுக்கு முப்பது," என்றார் கடைசியாக.

"எது எழுபது? எது முப்பது?"

"அதை... இர்வான்கிட்டத்தான் கேக்கணும்."

கேக்கில் கைவைத்திருந்த இர்வான் விரலை நக்கிக்கொண்டு எழுந்தான். "அது தொழில் ரகசியம், அக்கா."

"யாருக்குத் தெரியாத ரகசியம்?"

"எனக்கும்தான். கெமிக்கல் டின்ல வருது. மேல சீன எழுத்து. நான் கலக்கறதோட சரி."

"இழுத்துப் பாத்துத்தானே கலக்குவே?"

"ஐயோ, நானா?" இர்வான் நெஞ்சில் கைவைத்துப் பின்வாங்கினான். "எனக்குச் சின்ன வயசுலேர்ந்து வீசிங், அக்கா. அந்தப் புகை பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்காரு."

சுஹைலா புட்டியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எங்க சில்லி சாஸ் புட்டி மேல உப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவுன்னு ஒண்ணு விடாம எழுதறோம். அதைக் கோழி மேல ஊத்தித்தான் சாப்பிடப் போறாங்க, அதுக்கே. இதை எங்க லேப்ல கொடுத்துப் பாக்கறேன். என்னன்னு தெரிஞ்சதும் என் பதிலைச் சொல்றேன். எனக்கு வாட் எல்லாம் வேணாம், ஹஸ். நீ என்னைக் கட்டிக்கப் போறவன். எதை விக்கறேன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்."

"லேப்ல வெப்பக் கட்டுப்பாடு இருக்கா?" என்று கேட்டார் ஹஸ்ருல், உண்மையான அக்கறையோடு. பாக் லோங் அவர் தொடையில் கிள்ளினார்.

கடைக்கு வந்ததும் மன்றம் விசாரணை நடத்தியது. கருவி கடைசிவரை இருநூறைத் தாண்டவில்லை என்பதும், எனவே கருவி மீது குற்றமில்லை என்பதும், இருமியது முற்றிலும் ஹாஜியின் சொந்த முடிவு என்பதும் தீர்மானமாகப் பதிவாயின. திரவத்தைப் பற்றிய கேள்வி, எந்தத் துணைக்குழுவின் அதிகார வரம்புக்குள்ளும் வராததால், 'பரிசீலனையில்' வைக்கப்பட்டது.

ஹஸ்ருலால் மட்டும் நிம்மதியாக இழுக்க முடியவில்லை. கைப்பேசியை எடுப்பார், பார்ப்பார், வைப்பார். ஓம் இன்னும் கீழே போனால் அவள் மனம் இளகுமோ என்று சுருளைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினார். தொடைக்குக் களிம்பு தடவினார். "அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதானேடா," என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். ஒரு கணம் அவருக்குப் புரிந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். நல்ல வேளை, அடுத்த நொடியே, "டைட்டானியம் கம்பி போட்டிருக்கணும்," என்றார்.

கடைசியில் ஒரு மாலை சுஹைலாவின் செய்தி வந்தது. மன்றம் முழுவதும் கைப்பேசியைச் சுற்றி மண்டியிட்டது. ஹஸ்ருல் உரக்கப் படித்தார்:

"ஹஸ், லேப்ல இன்னும் முழுசாப் பிரிக்க முடியலையாம். அவங்க ஒரு கேள்வி கேக்கறாங்க: இது எந்தத் தரையைத் துடைக்கிற மருந்து? மொசைக்குக்கா, சிமெண்டுக்கா? நீ யோசிச்சு ஒரு பதில் போடு. அதை வெச்சுத்தான் நான் முடிவு பண்ணப்போறேன்."

அவசரக் கூட்டம். யாரும் இழுக்கவில்லை, அத்தனை தீவிரம். ஒரு வாழ்க்கை தொங்குகிறது அல்லவா? என் மொழித் திறமை முழுவதையும் கொட்டினேன். இர்வான் தொழில்நுட்ப நோக்கில் திருத்தினான். பாக் லோங்கைத் தொலைபேசியில் பிடித்து, மரியாதை குறையாமல் இருக்கிறதா என்று கேட்டோம். வரி வரியாக வாக்கெடுப்பு நடந்தது. அவசரப்பட்டு எதையும் மறைக்கவில்லை, மிகைப்படுத்தவுமில்லை. இதைவிடப் பொறுப்பான, நேர்மையான ஒரு பதிலை எந்தத் துறையும் தந்திருக்க முடியாது என்று இன்றும் நம்புகிறேன்.

அடுத்த மாதம் சுஹைலாவின் கல்யாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு இல்லை. ஏர்கான்காரர் வீட்டில் பிரியாணி நன்றாக இருந்ததாம். தன் பதிலில் என்ன குறை என்று ஹஸ்ருலுக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டி நியாயம் கேட்கிறார். வருகிறவர்களும் படித்துப் பார்த்துவிட்டு, பெண்ணுக்குத்தான் விவரம் போதாது என்று சொல்லி, ஆளுக்கு இரண்டு புட்டி வாங்கிப்போகிறார்கள். நீங்களே பாருங்கள், இவ்வளவுதான் எழுதினோம்:

"தரையில் தயவுசெய்து ஊற்றிவிட வேண்டாம். பளபளப்பு போய்விடும். இது மனிதர்கள் உள்ளே இழுப்பதற்கு மட்டும்."